பத்தாயிரத்து எண்பதும், அதன்மேல் ஒன்றும்

இதை எழுத வேண்டும் என்று நினைத்துப் பல வருடங்கள் தள்ளிப்போட்டேன். பேனாவை எடுப்பேன். சாமி காரியத்தைக் குறை சொல்கிறான் என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்று மறுபடி மூடி வைத்துவிடுவேன். கிருத்திகை விரதம் இன்றுவரை விட்டதில்லை. செங்கோட்டு மலைப்படி ஏற முழங்கால் ஒத்துழைக்கிறவரை ஏறினேன், இப்போது அடிவாரத்தில் நின்று கும்பிட்டுவிட்டு வருகிறேன். அப்படிப்பட்டவன் இதை எழுதலாமா என்ற தயக்கம் எனக்குள் இருந்துகொண்டே இருந்தது.

போன மாதம் பள்ளிபாளையத்தில் ஒரு டீக்கடையில் நின்றிருந்தேன். பாவு ஓட்டுகிற நம் தொழிலுக்குப் புதிதாக வந்த இரண்டு தம்பிகள் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பட்டறையில் ஏதோ ஓர் இழை தவறிவிட்டதாம். "கிரீல்ல நூல் மாட்டற அந்தப் புள்ளை மேல பழியப் போட்டுட்டோம், முடிஞ்சுது" என்று ஒருவன் சிரித்தான். டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து சாமி முன்னால் விளக்கேற்றி வைத்துவிட்டு, இனிமேல் தள்ளிப்போடுவதில்லை என்று முடிவு செய்து உட்கார்ந்துவிட்டேன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் எட்டாம் வகுப்புவரை படித்தவன்.

தம்பிகளே, தங்கைகளே, பாவு ஓட்டுகிற வேலை உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் உங்கள் வீட்டில் இருப்பவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் புரியவேண்டும் என்பதற்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். துணியில் நீளவாக்கில் ஓடுகிற இழைகள்தான் பாவு. தறியில் ஏற்றுவதற்கு முன்பே அந்த இழைகளையெல்லாம் வரிசை மாறாமல் ஒரு பெரிய உருளையில் சுற்றித் தரவேண்டும். அந்த உருளையைப் பீம் என்கிறோம். நான் மேஸ்திரியாக இருந்த பட்டறையில் அகலமான பெட்ஷீட்டுக்குப் பீம் ஓட்டினோம். ஒரு பீமுக்கு இழை பத்தாயிரத்து எண்பது. ஓரக் கரைக்கு வைக்கிற இழைகள் தனி, அவற்றை இந்தக் கணக்கில் நாங்கள் சேர்ப்பதில்லை.

ஒரு கோனுக்கு ஓர் இழை என்று பத்தாயிரத்து எண்பது நூல் கோன்களை ஒரே சமயத்தில் மாட்ட எந்தப் பட்டறையிலும் இடம் கிடையாது. அதனால் கோன் மாட்டுகிற சட்டமான கிரீலில் நானூற்று இருபது கோன்களை மாட்டுவோம். அந்த நானூற்று இருபது இழைகளும் ஒரு பட்டையாகச் சேர்ந்து பெரிய டிரம்மில் சுற்றும். சுற்றி முடிந்ததும் பக்கத்திலேயே அடுத்த பட்டை, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. ஒரு பட்டைக்குச் செக்ஷன் என்று பெயர். இருபத்து நான்கு செக்ஷன் ஓடினால் பத்தாயிரத்து எண்பது. பிறகு மொத்தத்தையும் பீமுக்கு மாற்றுவோம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இது ஏன் ஒழுங்காகப் பத்தாயிரம் என்று இருக்கக்கூடாது என்று நானும் யோசித்திருக்கிறேன். பத்தாயிரம் கேட்க அழகாக இருக்கும், ஆனால் மூன்றால் வகுத்தால் மீதி நிற்கும், ஏழால் வகுத்தாலும் மீதி நிற்கும். பத்தாயிரத்து எண்பது அப்படியில்லை. ஒன்று முதல் பத்துவரை எந்த எண்ணால் வகுத்தாலும் மீதி வராது. பன்னிரண்டு, பதினான்கு, பதினைந்து, பதினாறு, பதினெட்டு, இருபது, இருபத்தொன்று என்று போய்க்கொண்டே இருக்கலாம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கோன் அட்டையின் பின்பக்கத்தில் வகுத்து வகுத்துப் பார்த்தே எனக்குப் பொழுது போகும். பதினொன்றும் பதின்மூன்றும் மட்டும் ஒத்துவராமல் முறைத்துக்கொண்டு நிற்கும். இந்த எண்ணை மீதியில்லாமல் வகுக்கிற எண்கள் எழுபத்திரண்டு இருக்கின்றன. என் மருமகள் கணக்கு டீச்சர். அவளிடம் காட்டியபோது, "இதுக்குக் கீழ இருக்கற எந்த எண்ணுக்கும் இத்தனை வகுத்தி கெடையாதுங்க மாமா" என்றாள். ஒன்றிலிருந்து ஏழுவரை பெருக்கி, வந்ததை இரட்டித்தாலும் இதுதான் வரும் என்றும் சொன்னாள். ஒரு வாரத்துக்கு எத்தனை நிமிடம் என்று அன்று இரவு நானே பெருக்கிப் பார்த்தேன். பத்தாயிரத்து எண்பது நிமிடம். ஆண்டவன் கொடுத்த வாரமும் எங்கள் பீமும் ஒரே அளவு என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

ஆனால் அந்த எண்ணிலிருந்து ஒன்றை எடுத்துவிடுங்கள். பத்தாயிரத்து எழுபத்தொன்பதை, ஒன்றையும் அதையும் தவிர வேறு எதனாலும் வகுக்க முடியாது. ஒன்றைக் கூட்டுங்கள். பத்தாயிரத்து எண்பத்தொன்று, பதினேழுக்கும் ஐந்நூற்றுத் தொண்ணூற்று மூன்றுக்கும் மட்டும்தான் மசியும். நடுவில் இருக்கிறவர் எல்லோருக்கும் பங்கு கொடுக்கிற பெரிய மனிதர். இரண்டு பக்கமும் இருப்பவர்கள் பிடி கொடுக்காதவர்கள். வெறும் வேடிக்கை என்றுதான் இதை நினைத்திருந்தேன். ஒரு மனுஷியின் பிழைப்பு இதில் தொங்கும் என்று நினைக்கவில்லை.

அவள் பெயர் பழனியம்மாள். வெண்ணந்தூர்ப் பக்கத்திலிருந்து பள்ளிபாளையத்துக்கு வாழ வந்தவள். கிரீலில் கோன் மாட்டுவதும், அறுந்த இழையை முடிவதும் அவள் வேலை. எங்கள் பாவின் நிற வரிசை இது: அறுபது வெள்ளை இழை, அடுத்து இருபத்து நான்கு நீல இழை, மறுபடி அறுபது வெள்ளை. எண்பத்து நான்கு இழைக்கு ஒரு வரிசை. நானூற்று இருபது கோனில் அந்த வரிசை ஐந்து தடவை வரும். அவள் மாட்டி முடித்ததும் ஒரு முறை விரலால் தொட்டு எண்ணிவிட்டுத்தான், "ஆச்சுங்க மேஸ்திரியண்ணா" என்பாள். அந்தக் குரல் கேட்டால் நான் திரும்பிப் பார்க்காமலே டிரம்மை ஓட்டச் சொல்வேன்.

அந்தச் சமயம் முதலாளி புதிய டிரம் ஒன்று வாங்கினார். பழையதை அவருடைய அப்பா காலத்திலிருந்து ஓட்டி வந்தோம். புது டிரம்மில் முதல் பீம் ஓட்ட நல்ல நாள் பார்த்துப் பூஜை வைத்தார். அன்று என் மைத்துனன் வீட்டுக் கல்யாணம் ஆட்டையாம்பட்டியில். நான் போய்விட்டேன். திரும்பி வந்தபோது பீம் தறிக்குப் போய் ஏறியும் ஆகிவிட்டது.

நான் பட்டறைக்குள் கால் வைக்கும்போதே சத்தம் கேட்டது. பக்கத்துக் கொட்டகையில் இருந்த தறியை நிறுத்தியிருந்தார்கள். முதலாளி, பழனியம்மாள், முருகேசன் மூன்று பேரும் தறிக்கு முன்னால் நிற்க, தறிக்காரரும் மற்ற ஆட்களும் சுற்றி நின்றார்கள். முருகேசன் நாட்டிங் மிஷின் ஓட்டுகிறவன். பழைய பாவின் கடைசி நுனியோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முடிந்து தருவது அந்த மிஷின். பழையதில் முதல் இழைக்குப் புதியதில் முதல் இழை, இரண்டாவதுக்கு இரண்டாவது என்று இடது ஓரத்திலிருந்து வலது ஓரம்வரை முடிந்துகொண்டே போகும். தறியில் பழைய இழை ஓடிய இடத்தில்தான் அதோடு முடிந்த புது இழையும் ஓடும்.

"ஏன் மேஸ்திரி, வந்து பாரு உங்க ஆளு பண்ணியிருக்கற வேலைய" என்றார் முதலாளி.

துணியைப் பார்த்தேன். நீலப் பட்டைகள் பளபளவென்று சாட்டின் நெசவில் விழவேண்டும், வெள்ளை சாதா நெசவில் விழவேண்டும். ஒவ்வொரு நீலப் பட்டைக்கும் வலதுபுறம், வெள்ளையில், தலைமுடி போல ஒரு நீலக்கோடு தனியாக ஓடியது. அதே பட்டையின் இடதுபுறம் ஒரு வெள்ளை இழை பளபளப்பான பக்கம் போய் உட்கார்ந்திருந்தது. இழைகள் எல்லாம் ஓர் இடம் தள்ளிப் போயிருந்தன. ஷீட் முழுக்க இப்படியே. பெட்ஷீட் வாங்குகிறவருடைய ஆள் பொழுதோடு, அதாவது சாயங்காலம், வந்து முதல் துணியைப் பார்ப்பதாக இருந்தது.

"கடசில ஒண்ணு மிச்சம் நின்னுச்சுங்கண்ணா" என்றான் முருகேசன். "பந்தில எலை போட்டுச் சோறு வெச்சும் ஆளில்லாத மாதிரி. எல்லாத்துக்கும் சோடி இருந்துச்சு, அது ஒண்ணுக்கு இல்ல. மொதலாளிகிட்டச் சொன்னேன், வெட்டிப்போட்டு ஓட்டுடான்னாரு."

"பின்ன ஒரு இழைக்காகப் பீமத் தலைல வெச்சுக் கும்பிடறதா?" என்றார் முதலாளி. பழனியம்மாள் பக்கம் திரும்பினார். "ஒரு கோனு சாஸ்தியா மாட்டியிருக்கற. எண்ணத் தெரியலீன்னா எண்ணத் தெரியலீன்னு சொல்லோணும். நூல் பிரிக்கற வேலைக்கு அனுப்பியிருப்பேன்."

"என்ற கையில நானூத்தி இருவதுதானுங்க. மாட்டிப்போட்டு மறுக்காத் தொட்டு எண்ணுனேனுங்க."

"அப்ப அந்த ஒண்ணு ஆகாசத்துல இருந்து எறங்குச்சா?"

"அதெனக்குத் தெரியாதுங்க. என்ற கைல இல்ல."

"தறிக்காரன், நாட்டிங்காரன், இத்தன பேரு நிக்கறாங்க. இத்தன பேரும் பொய்யி, நீ ஒருத்தி மெய்யா? எடு டிப்பனை. கெளம்பு."

அவள் அழவில்லை. சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு என்னை ஒரு முறை பார்த்தாள். எங்கள் தெருவில் பட்டறைகள் எல்லாம் சுவரோடு சுவர் ஒட்டி இருக்கின்றன. இந்தப் பட்டறையில் எண்ணிக்கை தப்புகிறவள் என்று ஒரு பெயர் வந்துவிட்டால் அந்தத் தெருவில் எவரும் கிரீலில் விடமாட்டார்கள். அவளுக்கு அது தெரியும். எனக்கும் தெரியும்.

"அம்மிணி, ஊட்டுக்குப் போ. நான் பொறகு வாரேன்" என்று மட்டும் சொன்னேன்.

அவள் போனதும் முதலாளி என் தோளில் கை வைத்தார். கெட்டவர் இல்லை. பயந்திருந்தார். "மேஸ்திரி, பொழுதோட அந்தாளு வரப்ப, தப்புப் பண்ணுன ஆள நிறுத்தியாச்சுன்னு நீயும் ஒரு வார்த்த சொல்லோணும். அதோட அவன் அடங்கிருவான். நாம அடுத்த பீம ஒழுங்கா ஓட்டிக்கலாம்."

இந்த இடத்தில்தான் உங்களை நிறுத்திச் சொல்ல நினைக்கிறேன், தம்பிகளே. அந்த நேரம் எல்லோரும் 'யார்' என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆள் கிடைத்துவிட்டதால் எல்லோருக்கும் நிம்மதி. எனக்கும் ஒரு நிமிடம் அந்த நிம்மதி வந்தது, மறைக்கவில்லை. முருகா என்று ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டேன். யார் என்பதை ஒதுக்கிவிட்டு, 'எத்தனை' என்று கேட்டுப் பார்ப்போம் என்று தோன்றியது.

"ஒரு அரை மணி நேரம் குடுங்க மொதலாளி" என்றேன்.

"என்னத்துக்கு?"

"தப்ப எண்ணிப் பாக்கறேன்."

"எண்ண என்ன இருக்குது? ஒண்ணுதான்!"

"அதையேதாங்க நானும் பாக்கோணும். ஒண்ணுதானான்னு."

நூல் எண்ணுகிற சின்னக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு தறியின் இடது ஓரத்தில் குனிந்தேன். முதல் நீலப் பட்டையிலேயே இழை ஓர் இடம் தள்ளியிருந்தது. நடுவுக்குப் போனேன். அங்கேயும் ஓர் இடம். வலது ஓரத்தின் கடைசிப் பட்டைக்குப் போனேன். அங்கேயும் ஓர் இடம்தான், அதற்கு மேல் இல்லை. நிமிர்ந்தபோது முதுகு பிடித்துக்கொண்டது. ஆனால் மனதில் இருந்த பாரம் இறங்கிவிட்டது.

முருகேசன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "என்னங்கண்ணா, சிரிக்கறீங்க?"

"டேய் முருகேசா, கிரீல்ல ஒரு கோன் அதிகமாத் தொங்குனா என்ன ஆகும்?"

"ஒரு இழை அதிகமாகும்."

"எந்தச் செக்ஷன்ல?"

அவன் யோசித்து மெதுவாகச் சொன்னான். "எல்லாச் செக்ஷன்லயும்."

ஆமாம். கிரீல் ஒன்றுதான், அதிலிருந்து இருபத்து நான்கு தடவை ஓட்டுகிறோம். பழனியம்மாள் ஒரு கோன் கூடுதலாக மாட்டியிருந்தால், பீமில் இருபத்து நான்கு இழை கூடியிருக்கவேண்டும். பத்தாயிரத்து நூற்று நான்கு. அப்போது துணியில் முதல் செக்ஷனில் ஓர் இடம், இரண்டாவதில் இரண்டு இடம் என்று தள்ளிக்கொண்டே போய், வலது ஓரத்துக்கு வரும்போது நீலம் முழுக்க இடம் மாறி நிற்கும். நாட்டிங்கில் மிச்சமும் ஒன்றாக இருக்காது, ஒரு கொத்தாக இருக்கும். ஆனால் கூடியது ஒன்று. பத்தாயிரத்து எண்பத்தொன்றை இருபத்து நான்கால் வகுத்துப் பாருங்கள், ஒன்று மீதி நிற்கும். அவள் கையில் நடக்கிற எந்தத் தவறும் இருபத்து நான்கின் மடங்காகத்தான் பீமுக்கு வரும். ஒற்றை இழை வருகிற வழி அவள் கையில் இல்லை.

அப்படியானால் அந்த ஒன்று, பீம் முழுக்க ஒரே ஒரு முறை நடந்த காரியத்திலிருந்து வந்திருக்கவேண்டும். முதல் நீலப் பட்டைக்கு முன்பே தள்ளியிருப்பதால், முதல் செக்ஷனுக்குத் தலைமாட்டில், இடது ஓரத்தில் நுழைந்திருக்கவேண்டும்.

"மொத செக்ஷன் ஓட்டுனது யாருடா?"

"மொதலாளிதான். பூஜை போட்டுட்டு அவரே ஓட்டுனாரு."

"அப்ப பழனியம்மா எங்க?"

"எண்ணிப்போட்டு, ஆச்சுங்கன்னு சொல்லீட்டுப் பின்னால பொங்கல் வெக்கப் போயிருச்சு. எல்லாத்துக்கும் அதுதான பொங்கல் வெச்சுது. நெய் நெம்ப ஊத்தியிருந்துச்சுங்கண்ணா."

பட்டறையின் கிழக்குச் சுவரில் சாமி மாடம் இருக்கிறது. வேலவன் படம், விநாயகர் படம், முதலாளியின் அப்பா படம். போய் நின்றேன். படத்துக்குக் கீழே ஒரு வெள்ளை நூல் கோன். குங்குமப் பொட்டு வைத்து, மேலே ஒரு செவ்வந்திப் பூ. நூல் நுனி வெட்டப்பட்டிருந்தது.

எனக்கு விளங்கிவிட்டது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பெரிய முதலாளி அதைச் செய்வார். மொய் எழுதும்போது நூற்றொன்று, ஐந்நூற்றொன்று என்று எழுதுவது நம் வழக்கம் இல்லையா? கணக்கு சைபரில் முடியக்கூடாது, வளரவேண்டும் என்று ஒன்று சேர்ப்போம். அதுபோல அவர் ஒரு கோனைத் தனியாகப் பிடித்து, முதல் செக்ஷனுக்கு மட்டும் ஓர் இழையைத் தலையில் சேர்த்து ஓட்டுவார். சாமி இழை என்று பெயர். அதை யாரும் கணக்கில் எண்ணமாட்டோம். சாமிக்குக் கொடுத்ததை எண்ணுவதாவது! அந்தக் காலத்தில் ஓட்டியது தோளில் போடுகிற துண்டு. எல்லாம் வெள்ளை, எல்லாம் சாதா நெசவு. அந்த இழை ஓரத்தில் போய் ஒளிந்துகொள்ளும், ஒருவருக்கும் தெரியாது. பட்டை போட்ட பெட்ஷீட் வந்தபிறகு அந்த வழக்கம் தானாகவே நின்றுபோயிருந்தது. புது டிரம் வந்ததும் அப்பாவை நினைத்து மகன் மறுபடி செய்திருக்கிறார்.

அவர் பொய் சொல்லவில்லை. இதை நீங்கள் நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தன் கையால் அந்த இழையைச் சேர்த்தவர்தான், ஆனாலும் கூடுதல் இழை எங்கிருந்து வந்தது என்று தேடியபோது அவர் நினைவுக்கு அது வரவே இல்லை. அவர் மனதில் அது நூல் இல்லை, கும்பிடு.

சொல்வதா வேண்டாமா என்று அந்த மாடத்துக்கு முன்னால் நின்றேன். நானும் சாமி கும்பிடுகிறவன். பூஜையில் வைத்ததைத் தப்பு என்று வாயால் சொல்ல என் நாக்குக் கூசியது. ஆனால் தூக்கை எடுத்துக்கொண்டு போனவள் என்னைப் பார்த்த பார்வை கண்ணுக்குள்ளேயே நின்றது. முதலாளியைக் கூப்பிட்டேன். அவர் வந்தார். வரும்போதே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வந்தார்.

"மொதலாளி, இந்தக் கோன் ஏதுங்க?"

"சாமி இழை. அப்பா செய்வாரே, உனக்குத் தெரியாததா?"

"தெரியுமுங்க. இது எந்தச் செக்ஷன்ல ஓடுச்சு?"

"மொத செக்ஷன்ல மட்டும்…" என்றவர் நிறுத்திவிட்டார். முகம் சிவந்தது. "என்ன சொல்ல வார? சாமிக்கு வெச்சது துணியக் கெடுத்துப்போடுச்சுங்கறியா?"

"சாமி கெடுக்கலீங்க. நாம எண்ணாம வெச்சது கெடுத்துப்போடுச்சு."

"எங்கப்பா காலம் பூரா வெச்சாரு. ஒண்ணும் ஆகல!"

"அது துண்டுங்க. ஓரத்துல ஒளிஞ்சுக்கிட்டுது. இது பட்டை. ஒளிய எடமில்ல."

"அப்ப அந்தப் பொம்பளைக்காக எங்கப்பன் வழக்கத்தத் தப்புங்கற."

அவர் குரல் ஏறியது. என் பின்னாலேயே வந்திருந்த முருகேசன் நழுவி வெளியே போய்விட்டான். நான் பின்வாங்குவதில்லை என்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்டேன்.

"மொதலாளி, நீங்க சாமிக்குன்னு குடுத்தது ஒரு இழை. அது பழனியம்மா தலை மேல விழுந்திருச்சுங்க. அவ பொழப்ப எடுத்துத்தான் சாமிக்குப் படைக்கோணும்னா, அந்தப் படையல வேலவன் தொடமாட்டான். கணக்க நான் போட்டுக் காட்டறேன். தப்புன்னா என்னையும் கெளம்பச் சொல்லுங்க."

கோன் அட்டை ஒன்றைக் கிழித்து எழுதிக் காட்டினேன். நானூற்று இருபது, இருபத்து நான்கு, பத்தாயிரத்து எண்பது. கோன் ஒன்று கூடினால் எவ்வளவு, ஒன்று குறைந்தால் எவ்வளவு. பிறகு கண்ணாடியைக் கையில் கொடுத்துத் தறிக்கு அழைத்துப் போனேன். அவரே குனிந்து இடது ஓரம், நடு, வலது ஓரம் என்று மூன்று இடத்திலும் பார்த்தார். நிமிர்ந்தவர் கண்ணாடியை என்னிடம் கொடுத்துவிட்டு முருகேசனைக் கூப்பிட்டார்.

"முடிச்செல்லாம் வெட்டீரு. மொத இழைய விட்டுப்போட்டு, ரெண்டாவதுல இருந்து மறுக்காப் போடு."

"பத்தாயிரத்தையுமுங்களா?"

"பத்தாயிரத்து எண்பதையும்" என்றார் முதலாளி.

வாங்குகிறவருடைய ஆள் பொழுதோடு வந்தபோது தறி ஓடவில்லை. அவரிடம் முதலாளியே பேசினார். "தப்பு எங்களது, நாளைக்குக் காட்டறோம்" என்றார். அவர் முணுமுணுத்துக்கொண்டு போனார். என்னிடம் முதலாளி, "நீ போயி அவளக் காலைல வரச் சொல்லீரு" என்றார்.

"வரச் சொல்லறேனுங்க. ஆனா மிச்சத்த நான் சொல்லமாட்டேன். போகச் சொன்னப்ப எல்லாரும் நின்னு கேட்டாங்க. அதே மாதிரி எல்லாரும் நிக்கறப்ப நீங்கதான் சொல்லோணும்."

அவர் திரும்பித் தறிப் பக்கம் போய்விட்டார்.

பழனியம்மாள் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினேன். உள்ளே இருந்தபடியே கேட்டாள். "ஏனுங்கண்ணா, கண்டுபுடிச்சுட்டீங்களா?"

"கண்டுபுடிச்சாச்சு. உன்ற கையில தப்பு இல்ல."

"அதெனக்குத் தெரியுமுங்களே. அவுங்களுக்குத் தெரிஞ்சுதான்னு கேட்டேன்."

"தெரிஞ்சுது. காலைல வா அம்மிணி."

"வந்து? கமுக்கமாக் கிரீல்ல போயி நிக்கறதா? தெருப் பூராவும் பேசீட்டாங்கண்ணா. எங்க ஊட்டுக்காரரு காதுக்கும் போயிருச்சு. எனக்கு வேலை மட்டும் பத்தாதுங்க. பேரும் வேணும்."

நான் வாக்குக் கொடுக்கவில்லை. இன்னொருவர் வாயிலிருந்து வரவேண்டிய வார்த்தைக்கு நான் எப்படிப் பொறுப்பேற்பது? "வா" என்று மட்டும் மறுபடி சொல்லிவிட்டு வந்தேன். அன்று இரவு, முதலாளி சொல்லாவிட்டால் நானும் அந்தப் பட்டறையில் இல்லை என்று என் வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டேன். அவள், "சரிங்க, அப்படியே செய்ங்க" என்றாள். அந்த ஒரு சொல் எனக்குப் பெரிய தெம்பு.

காலையில் அவள் வந்தாள். உள்ளே வரவில்லை, வாசலில் நின்றாள். பக்கத்துப் பட்டறை ஆட்கள் வேலைக்குப் போகிற நேரம். முதலாளி வெளியே வந்தார். சட்டைப் பித்தானைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார். பிறகு தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

"பழனியம்மா, அந்த இழை நான் வெச்சது. உன்ற எண்ணிக்க சரியாத்தான் இருந்துச்சு. நான் பேசுனது தப்பு."

தெருவில் போனவர்கள் நின்றார்கள். அவள் தலையை ஆட்டினாள். அவ்வளவுதான். உள்ளே போய்த் தூக்கை மாட்டிவிட்டு, நேராகச் சாமி மாடத்துக்குப் போனாள். கும்பிட்டாள். பூவை எடுத்துப் படத்தில் வைத்துவிட்டு, அந்தக் கோனைக் கையில் எடுத்தாள்.

முதலாளி பதறிவிட்டார். "அத ஏன் எடுக்கற? சாமிக்கு வெச்சது."

"தெரியுமுங்க." கிரீலுக்குப் போய், முதல் வரிசையில் முதல் ஆணியில் இருந்த கோனைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் சாமி கோனை மாட்டினாள். "சாமிய ஏனுங்க வெளிய தனியா நிறுத்தறீங்க? எங்களோட நானூத்தி இருவதுல ஒண்ணா நிக்கட்டும். இருவத்தி நாலு செக்ஷனும் கூடவே ஓடட்டும்."

முதலாளி ஏதோ சொல்ல வாயெடுத்து, அவருடைய அப்பா படத்தைப் பார்த்தார். பிறகு தீப்பெட்டியை எடுத்துக் கிரீலுக்கு முன்னால் கற்பூரம் ஏற்றினார். நாங்கள் எல்லோரும் கும்பிட்டோம். பழனியம்மாள் முதல் ஆணியிலிருந்து விரலால் தொட்டு எண்ண ஆரம்பித்தாள். நானூற்று இருபதுவரை எண்ணி முடித்தாள்.

"ஆச்சுங்க மேஸ்திரியண்ணா" என்றாள். டிரம்மை ஓட்டச் சொன்னேன்.

தம்பிகளே, தங்கைகளே, இதை நீங்கள் உங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது முதலாளியைக் கெட்டவராக ஆக்கவேண்டாம், என்னைக் கெட்டிக்காரனாக ஆக்கவேண்டாம், சாமியைக் குறை சொல்லவும் வேண்டாம். நடந்தது நடந்தபடியே போகட்டும். ஒரு வார்த்தை கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்.